கிணற்றுக்கல் கோல்

வெல்டர் கண்ணை மூடும்போது மச்சானுக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாகச் சங்கிலி இழுத்தவர். சங்கிலி போய் டேப் வந்து, டேப் போய் முக்காலி மெஷின் வந்த பிறகும் அவருக்குச் ‘சங்கிலி’ என்றே பெயர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அந்தப் பணம் கைக்கு வந்தால் ஒரு காலுக்காவது ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தார்.

பணம் வர ஒரே வழி, தங்கை வீட்டுப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் கிடந்த துண்டு நிலத்தை மீட்டு விற்பதுதான். பழைய பத்திரத்தில் வீட்டு மனையோடு சேர்த்து மொத்தம் நூறு குழி என்று இருந்தது. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் சேர்ந்தால் ஒரு குழி. புதுப் பதிவேட்டில் குழிக்கு இடமில்லை, எல்லாம் சதுர மீட்டரில் ஏற வேண்டும். அதற்காகத்தான் அன்று காலை சர்வேயர் அம்மா வந்திருந்தார். முக்காலியைச் சுமந்து உதவிக்கு வந்தவர் சங்கிலியேதான்.

“கோலுக்குப் பன்னெண்டு அடி. அப்போ ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தெட்டு மீட்டர் வரணும். சுவருக்குள்ள ஆயிரத்து நூத்தி இருபத்திநாலுதான் இருக்கு. மிச்சம் எங்க?”

“பால்காரர் மாட்டுக்கொட்டகையில,” என்றாள் தங்கை. “இருபது வருஷமா அங்கதான் படுத்து அசை போடுது.”

சர்வேயர் சிரித்தார். சங்கிலியும் சிரித்தார். அந்தக் கணக்கை முதலில் போட்டதே அவர்தான். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று, அலுவலகச் சுவரில் தொங்கிய அட்டவணையைத் தானே வாசித்த வாரம், வெல்டர் மாப்பிள்ளையின் பத்திரத்தை வாங்கி விரித்தார். “சுவருக்கு வெளியில உனக்கு ரெண்டாயிரத்து முந்நூறு சதுர அடி கிடக்கு மாப்பிள்ளை” என்று மார்தட்டினார். மாப்பிள்ளை அதை நம்பிப் பட்டறைக் கனவு கண்டான். பிறகு அவரிடமே கடன் வாங்கி வெல்டிங் மெஷினும் வாங்கிவிட்டான். பால்காரர் இடத்தை விடவில்லை. மெஷின் தார்ப்பாய்க்குள்ளேயே இருந்தது. போன மழைக்காலத்தில் மாப்பிள்ளையின் நெஞ்சு நின்றுபோனது.

“இதைக் கொஞ்சம் பிடிங்க,” என்று சர்வேயர் பத்திரத்தை நீட்டினார். அடிமடிப்பில் ஒட்டியிருந்த பழைய செல்லோடேப் வெயிலுக்கு விட்டுக்கொண்டது. உள்ளே ஒரு வரி. சங்கிலி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். மேற்படி குழி யாவும் கிணற்றுக்கல் கோலால் அளந்தவை.

“தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்.”

தெருமுனைக் கிணற்றைக் கம்பி போட்டு மூடியிருந்தார்கள். அதன் நீளமான படிக்கல்லில் இரண்டு வெட்டுகள் உண்டு. கத்தி தீட்டிய தடம் என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவர் டேப்பை வைத்தார். பன்னிரண்டு அடியென்றால் மூன்று மீட்டர் அறுபத்தாறு வர வேண்டும். மூன்று முப்பத்தைந்தில் நின்றது. மறுமுனையிலிருந்து பிடித்துப் பார்த்தார். அதே பதினோரு அடி. அந்தக் கோலுக்கு நூறு குழி என்பது சுவருக்குள்ளேயே சரியாக முடிந்துவிடுகிறது. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை டம்ளரோடு தேடி வந்தாள். “என்னண்ணே, இங்க வந்து உக்காந்துட்டே?”

சொன்னார். அவள் வெட்டுகளை மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவங்க அட்டவணையைத்தானே பாப்பாங்க.”

“அப்போ பேசாம வா. உன் காலைப் பாரு. பால்காரர் என்ன நமக்கு மாமனா, மச்சானா?”

“மாப்பிள்ளை அவரை எத்தனை தடவை திருடன்னு சொல்லியிருப்பான்?”

“போறதுக்கு மொத நாளும் சொன்னார்.”

“நான் சொல்லிக் குடுத்த பேச்சும்மா அது. கடைசி வரியப் படிக்காம கணக்கு போட்டேன்.”

அவளும் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தாள். “அன்னிக்கே படிச்சிருந்தா அவர் வேற இடம் பாத்திருப்பார், இல்லண்ணே?”

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்த பிறகும் கை நிற்கவில்லை.

சங்கிலி போய்ச் சொன்னதும் சர்வேயர் கல்லைத் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். ஆயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டை அடித்துவிட்டு ஆயிரத்து நூற்று இருபத்திநாலை எழுதினார். “இது உங்க தங்கச்சி இடம்தானே?” என்று கேட்டார்.

“ஆமா மேடம்.”

சர்வேயர் அடுத்த மனைக்குப் போக முக்காலி மெஷினைக் கட்டச் சொன்னார்.

தங்கை புருஷனின் பாக்கி நோட்டைக் கொண்டு வந்தாள். “மாசம் இருநூறு, முந்நூறுன்னு எப்படியாவது குடுத்துடறேன்.”

“பென்சில் இருக்கா?”

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே, குழந்தைகள் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தாக, நேரம் எடுத்து எழுதினார். ‘கணக்குத் தப்பு என்னுடையது. பாக்கி இல்லை.’

“உன் கால்?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் வலிக்குது. அதனால நடை கோணாது, விடு.”

தார்ப்பாய் மூடிய மெஷினைப் பார்க்காமல் தாண்டிப் போனார். வாசலில் இருந்த முக்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சர்வேயர் பின்னால் நடந்தார்.