தொள்ளாயிரமாவது மீட்டர்

நிலவியல் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கல்லம்மா. முதலில் கேலிக்குத்தான் வைத்தார்கள். போகப்போக அதுவே நிலைத்துவிட்டது. பாறைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். வகுப்பில் முப்பத்திரண்டு ஆண்கள், இவள் ஒருத்தி. சின்ன வயதில் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவந்து அடுக்கி, ஒருநாள் அலமாரித் தட்டே பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மத்த வீட்டுப் பிள்ளைங்க நாய்க்குட்டி, பூனைக்குட்டின்னு கொண்டுவரும். எனக்குன்னு வந்து வாய்ச்சது பாரு!"

வேலைக்குச் சேர்ந்ததும் மலையேறச் சொல்வார்கள் என்று புது பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள். மேலதிகாரி கிடங்குச் சாவியைக் கையில் கொடுத்தார். "பொம்பளப் பிள்ளை வெயில்ல ஏம்மா கஷ்டப்படணும்? கீழ நல்ல நிழல்" என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல.

தரைக்கு அடியில் ஒரு நீளமான அறை. எங்கெங்கோ பூமியைத் துளைத்தெடுத்த உருளைக் கற்கள் மரப்பெட்டிகளில் கிடந்தன. நாலாயிரம் பெட்டிக்குக் குறையாது. அவற்றுக்குச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. ஒட்டினாள். ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் ஈரத்துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதினாள். இப்படியே பதினோரு வருடம். இடையில் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், நோட்டுகள் முப்பதைத் தாண்டின. கணவர் பஸ் ஓட்டுநர். "உன் நோட்டை யாராச்சும் கேட்டாங்களா?" என்று எப்போதாவது விசாரிப்பார். அவள் உதட்டைப் பிதுக்குவாள். அடுத்த பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

பன்னிரண்டாம் வருடம், ஊருக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவே குறுக்கே நின்ற மலையைக் குடைந்து சாலை போட முடிவானது. சுற்றிப்போனால் மூன்று மணி நேரம். குடைந்துவிட்டால் இருபது நிமிடம். சுரங்கத்தின் வரைபடம் ஒரு பிரதி கிடங்குக்கும் வந்தது. மலை முழுக்கக் கெட்டியான கருங்கல் என்று அதில் போட்டிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சரிவில் முன்பு மூன்று கிணறுகளுக்காகத் துளைத்தெடுத்த கற்பெட்டிகள் அவள் கைவழியே போயிருந்தன. மூன்றிலும் நொறுங்கிய கல், வழவழவென்று களிமண். பதினாலாவது நோட்டைத் தேடியெடுத்து, மூன்று இடங்களையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்தாள். மலைக்குள் ஒரு பெரிய பிளவு இருந்தது. சுரங்கப் பாதையை அது வாயிலிலிருந்து தொள்ளாயிரமாவது மீட்டரில் வெட்டியது. உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே பாறையை உடைத்தால், உள்ளே போனவர்கள் உயிரோடு திரும்பமாட்டார்கள்.

கூப்பிடாத கூட்டத்துக்கு நோட்டோடு போய் நின்றாள். தலைமைப் பொறியாளர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "கிடங்குல உட்கார்ந்துக்கிட்டே மலையைப் பார்த்துட்டீங்களாம்மா?"

சிரிப்பலை அடங்கும்வரை பொறுத்தாள். "பார்த்துட்டேன் சார். என்னைத்தான் மலைக்கு அனுப்பலை. மலை பெட்டி பெட்டியா என்கிட்ட வந்துச்சு. ஒரே ஒரு துளை போட்டுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா ராஜினாமா எழுதித் தர்றேன்."

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். "மூணு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது."

அந்தத் தொள்ளாயிரமாவது மீட்டருக்கு நேர் மேலே, மலைமேல் துளையிடும் இயந்திரம் ஏறியது. முதல் நாள் நாற்பது மீட்டர், அத்தனையும் கருங்கல். இரண்டாம் நாளும் அதே கதை. கூட வந்திருந்த இளம் பொறியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வெளிவந்த ஒவ்வொரு கல்லையும் துடைத்துப் பார்ப்பதை அவள் விடவில்லை. எண்பதாவது மீட்டருக்குப் பிறகு கல்லில் முடிபோல மெல்லிய கோடுகள் தெரிந்தன. பிளவு பக்கத்தில்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம், நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. கம்பி சடாரென்று ஒரு முழம் கீழே இறங்கியது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார் துளை போடும் மேஸ்திரி. அவர் வாயை மூடுவதற்குள் துளையிலிருந்து சேறும் தண்ணீரும் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தன. அவள் தள்ளி நிற்கவில்லை. தலைமுதல் கால்வரை சேறாக நின்று, தொண்டை வலிக்கச் சிரித்தாள்.

தலைமைப் பொறியாளர் அன்றே வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "நீங்க சொல்லலைன்னா எத்தனை பேரைக் கொன்னுருப்பேன்! இனிமே கோடு போடுறது நீங்க. தோண்டுறது நாங்க."

அவள் இருநூறு மீட்டர் வடக்கே தள்ளிப் புதுப்பாதை போட்டாள். நான்கு வருடம் தினமும் சுரங்கத்துக்குள் போய், அன்றன்று உடைத்த பாறையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேட்டு வெடித்தது. ஒருவர் உயிருக்கும் சேதமில்லை.

இரு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்தவர்கள் சந்தித்த நாளில், கடைசிப் பாறையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. மந்திரி மாலையோடு காத்திருந்தார். மேஸ்திரியோ அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

"கல்லம்மா, நீங்க முதல்ல போங்க."

"மந்திரி நிக்கிறாரே?"

"நிக்கட்டும். அவருக்கு இந்த மலையைத் தெரியாது."

குனிந்து நுழைந்தாள். அந்தப் பக்கம் நூறு பேர், முகமெல்லாம் தூசியும் பல்லுமாக, ஹெல்மெட்டுகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். யாரோ அவளைத் தோளில் தூக்கினார்கள். அவள் எட்டிக் கூரைப் பாறையில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சியாக, கெட்டியாக, சொட்டு ஈரம்கூட இல்லாமல் இருந்தது.