வலது மார்பில் ஒரு பதக்கம்

மோகனூர் வட்டாரத்தில் யாருக்காவது பதக்கம் கோக்க வேண்டுமென்றால் அருணகிரியின் வீட்டுக்குத்தான் வர வேண்டும். படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பணிக்காலத்தில் படைத் தையற்காரர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். பித்தளைச் சட்டத்தின்மேல் வண்ண நாடாக்களை இடைவெளி தெரியாமல் மடித்துத் தைக்க வேண்டும். பதக்கங்களின் அடிவிளிம்புகள் ஒரே கோட்டில் தொங்க வேண்டும். எதற்குப் பின் எது என்ற வரிசை மாறவே கூடாது. குடியரசு நாள் நெருங்கினால் முன்னாள் படைவீரர்கள் தங்கள் பதக்கங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒவ்வொருவராக வந்து சேருவார்கள்.

"மத்த ஊட்டுல ஆம்பளைங்க சீட்டாடுறாங்க, எங்கூட்டுல ஊசியில நூல் கோத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று அவருடைய மனைவி தெய்வநாயகி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் வந்தவர்கள் முன்னாள் வீரர்கள் அல்லர். கரும்பு விவசாயி வீரனும் அவர் மனைவி பொன்னாயியும் வந்திருந்தார்கள். அவர்களுடைய மூத்த மகன் அன்பு, வடக்கே பனிமலைக் காவலில் இருந்தபோது முந்தைய குளிர்காலத்தில் இறந்துபோனான். குண்டு படவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது; கீழே கொண்டுவருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவன் படித்த பள்ளியில் குடியரசு நாளன்று அவனுடைய படத்தைத் திறந்துவைக்க இருந்தார்கள். பெற்றோர் பதக்கங்களை அணிந்து வர வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீரன் வரும்போதே பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். மூன்றும் மூன்று உயரத்தில், ஊக்குகளில் தொங்கின. அருணகிரி எழுந்து வந்து அவற்றைப் பதமாகக் கழற்றினார்.

"இது எடப்பக்கம் வரக் கூடாதுங்க. சம்பாதிச்சவன்தான் எடது மார்புல போடலாம். அவன் போயிட்டா, அவனுக்காகப் போடுறவங்க வலது மார்புல போடணும்."

வீரன் தன் சட்டையின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "தெரியாமப் போச்சுதுங்க. நெஞ்சு இருக்கற பக்கமுன்னு நெனைச்சேன்."

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அருணகிரி நாடாக்களை வெட்டத் தொடங்கினார். பொன்னாயி ஒரு பதக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது எதுக்குக் குடுத்தாங்க, சுபேதாருங்க?"

"நாடு விடுதலையாகி எழுபத்தஞ்சு வருசம் ஆனதுக்கு அம்மா. அன்னிக்கு உடுப்புல இருந்த எல்லாருக்கும் குடுத்தாங்க."

"அட! சும்மா நின்னதுக்கா?"

"சும்மா நிக்க யாருங்க உட்டாங்க?"

"அப்ப இது?"

"ஒம்பது வருசம் கெட்ட பேரு வாங்காம வேலை பாத்ததுக்கு."

"ஊட்டுல ஒம்பது நாளு சேந்தாப்புல அடங்கி இருந்ததில்லீங்க அவன். கெணத்துல குதிக்காதேன்னா மோட்டார் ரூம்பு மேல ஏறி நின்னு குதிப்பான்." சிரித்தபடி சொல்லத் தொடங்கியவளின் குரல் பாதியிலேயே அடங்கிப் போயிற்று. அவள் பதக்கத்தை மேசையில் வைத்தாள்.

மூன்றாவது பதக்கத்தை வீரன் கையைவிட்டு இறக்கவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை. அது எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது மலைப் பதக்கமுங்க" என்றார். "அவன் செத்தப்புறம் வந்துச்சு. அவங்கூட அங்க இருந்த பையன் ஒருத்தன், பொணப் பெட்டியோட ஊருக்கு வந்தவன், எங்கிட்டத் தனியாச் சொன்னான். இவனுக்கு இருமல் வந்திருக்குதுங்க. ராவெல்லாம் இருமியிருக்கான். டாக்டருகிட்டச் சொல்லுடான்னா, சொன்னாக் கீழ எறக்கிருவாங்க, இன்னுங் கொஞ்ச நாளு இருந்துட்டா மெடல் வந்துரும்னு சொன்னானாம். போர்வையை வாயில அடைச்சுக்கிட்டு இருமுனானாம்."

அருணகிரியின் கத்தரி நின்றது.

"நாந்தாஞ் சொன்னேன்" என்றார் வீரன். "திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணம். பொண்ணு ஊட்டுக்காரங்க பையன் ஒருத்தன் மிலிட்டரி உடுப்போட வந்திருந்தான். மார்புல ரெண்டு வரிசை. எல்லாரும் அவங்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நான் இவனைப் பாத்து, ஒன்ற மார்பு என்னடா, கரும்பு வெட்டுன காடாட்டம் வெறிச்சுன்னு கெடக்குதுன்னேன். எல்லாருஞ் சிரிச்சாங்க. அவனுஞ் சிரிச்சான். அடுத்த தடவை பாருங்க அப்பான்னான்."

பொன்னாயி கணவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். இதை அவள் பலமுறை கேட்டிருக்க வேண்டும்.

வீரன் மேசைமேல் சாய்ந்தார். "ஒன்னு மட்டுஞ் சொல்லுங்க. நீங்க அந்த மலையெல்லாம் பாத்தவரு. எறங்கி வந்திருந்தா இது கெடைச்சிருக்காதுங்களே?"

அருணகிரிக்கு உண்மை தெரியும். அந்த உயரத்தில் இத்தனை காலம் இருந்தால்தான் பதக்கம் என்று விதி இருக்கிறது. அங்கேயே நோயுற்றோ காயம்பட்டோ கீழே இறக்கப்பட்டவனுக்கு அந்தக் காலக் கணக்கு கிடையாது; நாள் குறைந்தாலும் பதக்கம் உண்டு. இறந்தவனுக்கும் கிடையாது. அவரே எத்தனையோ பேரைத் தூக்குப் படுக்கையில் கட்டிக் கீழே அனுப்பியிருக்கிறார். அவர்களும் பிழைத்து, அதே நாடாவை அணிந்துகொண்டு பேரக் குழந்தைகளோடு திருவிழாவுக்குப் போகிறார்கள். அன்பு முதல் இருமலிலேயே வாய் திறந்திருந்தால் உயிரும் பிழைத்திருக்கும், பதக்கமும் வந்திருக்கும்.

எதிரே இருந்த மனிதரோ, மகனைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட்டதாகவாவது நம்ப வேண்டும் என்ற நிலையில் இருந்தார். அந்தப் பிடியையும் விடுவித்தால் அவர் எங்கே போய் விழுவார் என்று அருணகிரிக்குத் தெரியவில்லை.

"கெடைச்சிருக்காதுங்க" என்றார்.

வீரன் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அருணகிரி மலைப் பதக்கத்தை முதலிலும், விடுதலை ஆண்டுப் பதக்கத்தை அடுத்ததாகவும், ஒன்பதாண்டுப் பதக்கத்தைக் கடைசியாகவும் வைத்துத் தைத்தார். இவ்வளவு நேர்த்தியாக அவர் என்றும் தைத்ததில்லை.

குடியரசு நாளன்று பள்ளி மைதானத்தில் கொடியேற்றி, படத்தைத் திறந்தபின், வீரனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடை ஏறியறியாத மனிதர். வலது மார்பில் பதக்கங்கள் ஆட, ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த மலை மெடலு, எறங்கி வர்றவனுக்குக் குடுக்க மாட்டாங்க. சுபேதாரு ஐயாவே சொன்னாரு. எம்பையன் எறங்கல. எங்க சின்னவனும் எறங்க மாட்டான்."

மைதானம் கைதட்டியது. முன்வரிசையில் சீருடையுடன் நின்றிருந்த இளைஞன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி அண்ணன் படத்துக்கு வணக்கம் வைத்தான். இளையவன் வளவன். அவனும் படையில் சேர்ந்திருந்தான், விடுப்பில் வந்திருந்தான். அவனுடைய மார்பில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை.

மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது வளவன் அருணகிரியிடம் வந்து காலைத் தொட்டான்.

"நாளைக்குக் கெளம்புறேனுங்க. எங்க கம்பெனியும் அந்த மலைக்குத்தான் போகுது. அண்ணன் உட்டுட்டுப் போனதை நான் முடிச்சுட்டு வாரேன்."

"இருமல் வந்தா?"

"இருமல் ஆருக்குத்தான் வராதுங்க?" என்று பல் தெரியச் சிரித்தான். "போர்வை எதுக்குக் குடுக்கறாங்க?"

அருணகிரியின் வாயிலிருந்த மிட்டாய் கசந்தது. பதில் சொல்வதற்குள் நண்பர்கள் வளவனைப் படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தெய்வநாயகி அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னாள்.

"பெரியவனுக்காகச் சொன்ன பொய்யி சின்னவனையும் கேக்குதுங்க. ஒருத்தனாவது பொன்னாயிக்கு மிஞ்சட்டும். காலையில போயிச் சொல்லிட்டு வாங்க."

"அந்த ஆளு தாங்க மாட்டாரு."

"தாங்க மாட்டாருதான். இருந்தாலும் போங்க."

மறுநாள் காலை அவர் போனபோது, வீரனின் வீட்டுக்கு முன்னால் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய டிராக்டர் பாதி பாரத்துடன் நின்றது. வளவனின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. சேலத்தில் அவன் ரயில் ஏற வேண்டும். பொன்னாயி அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். வீரன் அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சுபேதாருங்க! நேத்து நான் பேசுனது எப்படி?"

அருணகிரி கட்டிலில் உட்கார்ந்தார். வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தார். நேராகச் சொல்ல நா எழவில்லை. ஒரு கதையாகத் தொடங்கினார்.

"ஒரு பண்ணையில நாலு எருது இருந்துச்சாம். பொங்கலுக்கு முன்னால காட்டை உழுது முடிச்சாத்தான் எசமான் கழுத்துல மணி கட்டுவாருன்னு ஒரு எருதுக்கு எண்ணம். அதுக்குக் காய்ச்சல். படுத்தா மணி போயிருமுன்னு, நுரை தள்ளத் தள்ள உழுதுச்சாம். சாலு முடியறதுக்குள்ள விழுந்து செத்துப் போச்சு. பொங்கலன்னிக்கு எசமான் வந்தாரு. செத்த எருதைப் பொதைச்ச எடத்துல ஒரு மணியை வெச்சாரு. அப்புறம் தொழுவத்துக்குப் போயி, படுத்துக் கெடந்த எருதுக்கும் கட்டுனாரு, நொண்டி எருதுக்கும் கட்டுனாரு..."

பொன்னாயியின் கை கட்டுச்சோற்று முடிச்சில் நின்றுவிட்டது.

"மாட்டுக் கதை எதுக்குங்க?" என்றாள். "நேராச் சொல்லுங்க."

அருணகிரி வளவனைப் பார்த்துப் பேசினார். வீரனைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சீக்கு வந்து கீழ எறக்குனாலும் அந்த மெடலு உண்டு, சாமி. நாளு கொறைஞ்சாலும் உண்டு. ஒங்க அண்ணன் எறங்கி வந்திருந்தாலும் கெடைச்சிருக்கும். அன்னிக்கு நாஞ் சொன்னது பொய்யி."

கல்லின்மேல் அரிவாள் நின்றது.

"எறங்கி வந்திருந்தாலுமா?" என்றார் வீரன்.

"ஆமாங்க."

"இதே மெடலா?"

"இதேதானுங்க."

"அப்ப அவன் எதுக்குச் செத்தான்?"

வீரன் எழுந்து உள்ளே போனார். பதக்கச் சட்டத்தை எடுத்து வந்து அருணகிரியின் மடியில் வைத்தார். எறியவில்லை, கனமான எதையோ இறக்கி வைப்பதுபோல வைத்தார்.

"இதைப் போட எனக்கு வலப்பக்கமும் இல்லீங்க."

அரிவாளை எடுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் நடந்தார். மகனை வழியனுப்ப அவர் திரும்பி வரவில்லை. வளவன் வரப்பு வரை போய், "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே எங்கோ கரும்பு சாய்ந்துகொண்டே இருந்தது.

பொன்னாயி கட்டுச்சோற்றை அவன் பையில் வைத்தாள். "அவரு சொல்ல மாட்டாரு. நாஞ் சொல்றேன், கேட்டுக்க. இருமுனா எறங்கி வா. எவஞ் சிரிச்சாலுஞ் சிரிக்கட்டும். எறங்கி வந்துரு சாமி."

பிறகு அவள் அருணகிரியின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் போயிட்டு வாங்க" என்றாள். அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதற்குப்பின் வீரன் அருணகிரியுடன் பேசவில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். ஒரே ஆண்டில் முதுகு வளைந்துவிட்டது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்றும், அன்பின் படம் இருக்கும் பள்ளிவழியே நடப்பதில்லை என்றும் தெய்வநாயகி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். பதக்கச் சட்டத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அது அருணகிரியின் அலமாரியில், வெள்ளைத் துணியில் சுற்றியபடி இருந்தது.

அடுத்த குடியரசு நாளுக்கு முன் பொன்னாயி வந்தாள். கூடவே வளவன். மெலிந்திருந்தான். இடக்கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லை, பனி தின்றுவிட்டது. பேசும்போது இடையிடையே மூச்சு வாங்கியது. மலையேறிய சில வாரங்களில் இருமல் வந்தது என்றும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட்டான் என்றும், ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள் என்றும் சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"தைச்சுக் குடுங்கய்யா."

அருணகிரி பெட்டியைத் திறந்தார். பிறகு எழுந்து அலமாரிக்குப் போய் வெள்ளைத் துணிச் சுருளை எடுத்து வந்து அவிழ்த்தார். அதே உலோகம். அதே நாடா. நிறக் கோடுகளின் அகலத்தில்கூட வேறுபாடு இல்லை. பொன்னாயி ஒன்றைத் தொட்டாள், மற்றதைத் தொட்டாள்.

"எது யாருதுங்க?"

அவர் இரண்டையும் திருப்பி, பதக்க விளிம்பில் பொறித்திருந்த பெயர்களைக் காட்டினார். அவள் கட்டைவிரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள். பெரியவன் பெயரின்மேல் விரல் நின்றது. அழவில்லை. ஒரு தாய் அழக்கூடிய அழுகையெல்லாம் முடிந்துபோன முகமாக இருந்தது அது.

திறந்திருந்த கதவு வழியே அருணகிரி வெளியே பார்த்தார். தெருவுக்கு அப்பால், வேப்பமரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி வீரன் நின்றிருந்தார். இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறார். அதற்குமேல் வர முடியவில்லை.

"பெரியவனோடது இங்கயே இருக்கட்டுங்க" என்றாள் பொன்னாயி. "ஊட்டுல வெச்சா அவரு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"சரிங்கம்மா."

"சின்னவனுக்குத் தைச்சுக் குடுங்க. இது எடப்பக்கந்தானுங்களே போடணும்?"

"ஆமாங்கம்மா" என்றார் அருணகிரி, ஊசியில் நூலைக் கோக்க முயன்றபடி. "எடப்பக்கந்தான்."

நூல் ஊசிக்காதில் நுழையவில்லை. விரல் நுனி இல்லாத கையை நீட்டி வளவன் ஊசியை வாங்கிக்கொண்டான்.