மனமுவந்து சம்மதிக்கிறோம்

எட்டு மாதமாக மாலதி ஒரே ஆளை நினைத்துக்கொண்டுதான் காலையில் கண் விழித்தாள். காதல் கீதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தாறு வயதில், சிதம்பரத்தில் காலேஜுக்குப் போய்வரும் மகளை வைத்துக்கொண்டு, அதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம். ராஜவேல் என்கிற அந்த மனிதன் நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையில் இருக்கிறது செங்காலூர். அங்கே நகராட்சியின் பழைய கடைவீதிக் கட்டடத்தில் முப்பத்தெட்டுக் கடைகள் இருந்தன. ஏழாவது கடை மாலதியின் ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதானாலும் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவதானாலும் ஊரே அவளிடம்தான் வரும். வருகிறவர்களை அவள் சும்மா அனுப்புவதில்லை. "வெத்துப் பேப்பர்ல எவன் கேட்டாலும் கையெழுத்துப் போட்றாதீங்க" என்று நாளைக்குப் பத்துப் பேரையாவது திட்டி அனுப்புவாள். அந்த வாய்தான் கடைசியில் ஊரையே கவிழ்த்தது.

நவீன வணிக வளாகம் வரப்போகிறது என்று போன வருஷம் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். கட்டப்போவது சென்னைக் கம்பெனி. உள்ளூரில் அதற்குக் கையும் காலுமாக இருந்தவன் ராஜவேல். திரையில் கண்ணாடிக் கட்டடம் காட்டினான், நகரும் படிக்கட்டு காட்டினான். பால்பூத்துக்காரர் எழுந்து, "இதுக்கெல்லாம் யாரு செலவு பண்றது?" என்று கேட்டார். "உங்க வரிப்பணத்துல ஒத்தப் பைசா தொட மாட்டோம் மாமா" என்றான் ராஜவேல். சொந்தமே இல்லாதவரை மாமா என்று கூப்பிடும்போதே ஊர் உஷாராகியிருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அட்டையில் செருகிய தாள்களோடு இரண்டு பேர் வரிசையாக வந்தார்கள். கையெழுத்துப் போட்டால்தான் பிரியாணிப் பொட்டலத்துக்கு டோக்கன். முதல் தாளின் தலையில் 'வருகைப் பதிவு' என்று இருந்தது. அது நிறைந்து அடுத்த தாள் வந்தபோது அதன் மேல்பாதி காலியாகக் கிடந்தது. மாலதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கிரி பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தார். எட்டாவது கடையில் முப்பது வருஷமாக குக்கரும் மிக்ஸியும் ரிப்பேர் பார்க்கிறவர்.

"மேல வெத்தா கெடக்கே, மாலதி."

"வருகைக்குத்தான் மாமா. போடுங்க. பிரியாணி ஆறிடப் போவுது."

பக்கிரி போட்டார். மாலதியே சொல்லிவிட்டாள் என்று மற்றவர்களும் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாள்கள் திரும்பி வந்தபோது காலியாக இல்லை. 'கடைகளைக் காலி செய்து, வளாக ஒப்பந்தத்தை முழுமையாக ஏற்க மனமுவந்து சம்மதிக்கிறோம்' என்று மேலே அச்சாகியிருந்தது. கீழே முப்பத்தெட்டுப் பேரின் கையெழுத்து. ஒரே வாரத்தில் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். அப்புறம்தான் ஒப்பந்தமே வெளியே வந்தது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு இடம் கம்பெனிக்கு. வளாகத்தில் கடைகள் நிரம்பாவிட்டால் குறைகிற வாடகையை நகராட்சி கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். நகராட்சி எங்கே போகும்? கட்டடம் எழும்பும் முன்பே வீட்டு வரியை ஏற்றியது. கண்ணாடிக் கட்டடத்தின் பக்கமே போகப்போகாத கிழவிகள்கூட அதற்கு வரி கட்டினார்கள்.

பக்கிரி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு பெரிய குடையை நட்டு அதன் கீழே உட்கார்ந்து குக்கர் பார்க்க ஆரம்பித்தார். மாலதி தெருவோரமாக ஒரு தகர ஷெட்டைப் பிடித்தாள். தினமும் அவர் குடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். வரப்போகும் வளாகத்தில் மூலைக்கடையை ராஜவேல் அவளுக்குச் சும்மா கொடுத்திருக்கிறான், அதனால்தான் எல்லாரையும் கையெழுத்துப் போட வைத்தாள் என்று ஊரில் பேச்சு. காலேஜ் பஸ்ஸில் மகள் காதுபடவே சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே ராஜவேல்தான் என்று தெரிந்த அன்றைக்கு மாலதியால் சோறு இறக்க முடியவில்லை. கடை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டுக் குடும்பத்தை விற்றவள் என்ற பெயரை அவளால் பொறுக்க முடியவில்லை.

கடலூர் கோர்ட்டில் வக்கீல் ராபர்ட்டைப் போய்ப் பார்த்தாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏமாத்தி வாங்கினாங்கன்னு நீங்க முப்பத்தெட்டுப் பேரும் சொல்லுவீங்க. கடை போன கோவத்துல சொல்றீங்கன்னு அவுங்க சொல்லுவாங்க. அவுங்க ஆளு ஒருத்தன், ஆமா, வருகைக்குன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம், அது சம்மதம் ஆவாதுன்னு எழுதிக் குடுத்தா கேஸு நிக்கும். எவன் குடுப்பான், சொல்லுங்க."

மாலதி பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாளே ராஜவேலைத் தேடிப் போய், "மூலைக்கடை குடுத்துட்டீங்கன்னு ஊரே சொல்லுது. நெசமாவே குடுத்தா என்னா தம்பி" என்று பல்லைக் காட்டினாள். அவனுக்கு ஒரே குஷி. வாங்க முடியாத ஆள் ஊரில் இல்லை என்ற கணக்கு அவனுக்குச் சரியாகிவிட்டது. அதிலிருந்து வளாகத்துக்கான நோட்டீஸ், அழைப்பு, தட்டச்சு வேலை எல்லாம் மாலதிக்கே வந்தது. கடைக்காரர்கள் அவள் ஷெட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்கள். துப்பட்டும் என்று இருந்தாள். ஆனால் பக்கிரி அவள் முகம் தெரியாதபடி குடையை அவள் வரும் பக்கம் சாய்த்துவைத்த அன்று மட்டும், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் அழுதாள்.

பங்குனியில், வார்டு மக்களைக் கூட்டி நடத்தும் ஏரியா சபா கூட்டம் வந்தது. கவுன்சிலர் ஸ்ரீமதிக்கு எழுதுவது என்றாலே அலர்ஜி. "நடவடிக்கைக் குறிப்பெல்லாம் மாலதியே எழுதிடட்டும்" என்று விட்டுவிட்டார். வளாகத்தைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட வேண்டும் என்பதற்காக ராஜவேல் மனைவி, மைத்துனன், கம்பெனி ஆட்கள் நாலு பேர் எல்லாரையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். பொட்டலமும் அவன் உபயம்தான்.

மாலதி இரண்டு அட்டை வைத்திருந்தாள். ஒன்றைப் பின்னால் அனுப்பினாள். அதில் ஒவ்வொரு தாளிலும் 'வருகைப் பதிவு' என்று தலைப்பு இருந்தது. இன்னொன்றை முன்வரிசைக்குத் தானே எடுத்துப் போனாள். அதில் முதல் தாளில் மட்டும்தான் தலைப்பு. அதைக் கவுன்சிலரிடமும் இரண்டு அதிகாரிகளிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாளைப் புரட்டி ராஜவேலிடம் நீட்டினாள். மேல்பாதி பளிச்சென்று காலியாக இருந்தது. இவனுக்குத் தெரியாதா இந்த வித்தை?

தெரியும்தான். ஆனால் அதை அவன் பிறத்தியாருக்கு மட்டுமே செய்து பழகியவன். தனக்கும் ஒருத்தி செய்வாள், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு பின்னால் வரும் ஒரு ஜெராக்ஸ்காரி செய்வாள் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. மைத்துனன் போட்டோ எடுக்க, அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். மனைவி போட்டாள், மைத்துனன் போட்டான், கம்பெனி ஆட்களும் போட்டார்கள்.

"சீக்கிரம் போடுங்க. பிரியாணி ஆறிடப் போவுது" என்றாள் மாலதி.

மூன்றாம் நாள் காலை செங்காலூரில் பால் வாங்க வந்தவர்கள் பால்பூத் சுவரில் ஒரு தாளைப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுத் தூண்களிலும் அதே தாள். வளாகத்துத் தகர வேலியில் வரிசையாக முப்பது.

'வளாக ஒப்பந்தத்தால் நகராட்சிக்கு ஏற்படும் வாடகைக் குறைவை மக்களின் வீட்டு வரியில் ஏற்றாமல், கீழே கையொப்பமிட்டுள்ள நாங்களே முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் எங்கள் சொந்தச் சொத்திலிருந்து ஈடு செய்ய மனமுவந்து சம்மதிக்கிறோம்.'

கீழே ராஜவேலின் கையெழுத்து, அதன் கீழே அவன் மனைவி கையெழுத்து, அதன் கீழே மைத்துனன். ஊர் அதைச் சத்தம் போட்டுப் படித்தது. பால்பூத்துக்காரர் இரண்டு முறை படித்தார். ராஜவேல் பைக்கில் வந்து இறங்கி ஒவ்வொன்றாகக் கிழித்தான். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. நடுவில் மனைவி போனில் கூப்பிட்டுக் கத்தினாள். வீடு அவள் அப்பா கொடுத்தது, அவள் பெயரில் இருக்கிறது. நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், ராஜவேல் தலையில் அடித்துக்கொண்டான். மாலதி ஷெட்டு வாசலில் நின்று டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். எட்டு மாதத்தில் அவள் ருசித்துக் குடித்த முதல் டீ அதுதான்.

அவன் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். கம்பெனியைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்ற நிதானமெல்லாம் அப்போது அவனிடம் இல்லை. மத்தியானம் மாலதிக்கு ஆள் வந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சிந்துஜா எஃப்.ஐ.ஆரை எடுத்து, அதில் இருந்த ராஜவேலின் புகாரை வாசித்தார். "வருகைப் பதிவு என்று சொல்லி, மேல்பகுதி காலியாக இருந்த தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கி, பிறகு அதில் சம்மதம் என்று அச்சிட்டு மோசடி செய்துள்ளார். இதுபோன்ற கூட்டங்களில் வருகைக்கு மட்டுமே கையெழுத்து வாங்குவது வழக்கம். அதை எந்தவிதச் சம்மதமாகவும் கருத முடியாது."

ராஜவேல் மேசைக்கு எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு என்னாம்மா சொல்றீங்க?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"சார் எழுதியிருக்கிறது அத்தனையும் உண்மைங்க மேடம். நான்தான் செஞ்சேன். எஃப்.ஐ.ஆர். காப்பி எனக்கும் உண்டுதானே?"

எஸ்.ஐ. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு காப்பியைக் கொடுத்தார். மாலதி அதை அங்கேயே நின்றபடி போனில் படம் பிடித்து ராபர்ட்டுக்கு அனுப்பினாள். உடனே அவர் கூப்பிட்டார். "உங்கள உள்ள வெப்பாங்க, தெரியுமா?" என்றார் முதலில். அப்புறம் அந்தப் புகாரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அந்தக் காப்பியப் பத்திரமா வெச்சுக்குங்கம்மா" என்றார்.

அதற்குள் ராஜவேலுக்கும் சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. வெளியே போய்ப் பேசியவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். முப்பத்தெட்டுப் பேரும் தொண்டை கிழியச் சொல்லியும் நிற்காத வழக்கைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அவனுக்கு யாரோ புரியவைத்திருக்கிறார்கள்.

"மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. கிழிச்சுப் போட இது என்னா பஸ் டிக்கெட்டா? ரெண்டு பேரும் சமரசம்னு எழுதிக் குடுங்க. கோர்ட்டுல சொல்லி முடிச்சுக்கலாம்."

ராஜவேல் மாலதியிடம் வந்தான். "அக்கா, ஒரு கையெழுத்துதான். மூலைக்கடை இன்னிக்கே உங்க பேருக்கு. வெளிய வந்து நீங்க ஒண்ணுமே வாங்கலன்னு நானே சொல்றேன்."

"அதவிடப் பெருசா நீ ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டியே தம்பி. வருகைக்குப் போட்ட கையெழுத்து சம்மதம் ஆவாதுன்னு. கேஸு நடக்கட்டும். நான் செஞ்சத நான் கோர்ட்டுல ஒத்துக்குவேன். பின்னாடியே இத யாருகிட்டேர்ந்து கத்துக்கிட்டேன்னு ஜட்ஜு கேப்பாரு, உன்னையக் காட்டுவேன்."

"உங்களுக்கு ஜெயிலு ஆவும்க்கா."

"ஆவட்டும். நீ எதிர்க்க நிக்கணும். எனக்கு அது போதும்."

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். "அப்போ உங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இருக்காம்மா? உள்ளூர் ஆளா இருக்கணும்."

இந்த ஊரில் அவளுக்கு இனிமேல் எவன் கையெழுத்துப் போடுவான்? மகளைக் கூப்பிடலாமா என்று நினைத்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பக்கிரி. கையில் குக்கர் கரி அப்படியே இருந்தது. பால்பூத் சுவரில் ஒட்டியதைப் படித்துவிட்டு ஊரில் பாதிப் பேர் ஸ்டேஷன் வாசலுக்கு வந்திருந்தார்கள். அவர் மட்டும் உள்ளே வந்தார்.

அவர் மாலதியைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ.யைப் பார்த்து, "பேப்பரைக் குடுங்கம்மா" என்றார்.

கொடுத்தார்கள். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாளை வெளிச்சத்தில் பிடித்து, முதலில் மேல்பாதியைப் பார்த்தார். எழுதியிருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நின்றபடி படிக்க முடியவில்லை. ராஜவேலின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

"எழுந்திரு தம்பி. நான் உக்காந்து படிக்கணும்."

ராஜவேல் எழுந்தான். பக்கிரி உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"சீக்கிரம் பெரியவரே" என்றார் எஸ்.ஐ.

"படிச்சிட்டுத்தாம்மா போடுவேன். இந்தப் புள்ள சொல்லிக் குடுத்தது" என்றார் பக்கிரி. நாலு பக்கத்தையும் அவர் படித்து முடிக்கும்வரை ராஜவேல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான்.