நிறுத்தக் கூடாது மச்சான்

கயிற்றுக்கடைக்காரர் தம் ஆயுளில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கியதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, ரெண்டாப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க என்று டாக்டரிடம் கேட்டவர். பிடுங்க வேண்டியிருந்தது ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருஷமாக இதையெல்லாம் சகித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரத்துக்குப் போன செவ்வாய்க்கிழமை, ஒரு மெத்தைக் கடை வாசலில், பொறுமை அடியோடு தீர்ந்துபோனது.

அவருடைய மோட்டார்சைக்கிளுக்கு வயது இருபத்திரண்டு. முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று என மூன்று பிரேக் டிஸ்க். மூன்றும் தேய்ந்து, நடுவில் குழிந்து, விளிம்பில் வரப்பு கட்டியிருந்தன. "மாத்துங்க, மாத்துங்க" என்று அவள் ஒரு வருஷமாகச் சொன்னாள். விலை இறங்கட்டும் என்று அவரும் ஒரு வருஷமாகக் காத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சிக்னலில் பிரேக்கைப் பிடித்தார். வண்டி யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் நடைபாதையில் ஏறி, மெத்தைக் கடைக்காரன் வாசலில் அடுக்கி வைத்திருந்த சரக்கில் போய்ச் சொருகியது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்து வந்த அவள் ஒரு மெத்தைமேல் மல்லாந்து கிடந்தாள். அவர் எழுந்தார், தூசியைத் தட்டினார், மெத்தையில் கிழிந்த மூலையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இதை இனிமே எவன் வாங்குவான்? பாதி விலைக்கு எனக்கே குடுத்துடு" என்றார்.

கடைக்காரன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பேரம் கால் மணி நேரம் நடந்து, பாதிக்கும் கீழேயே படிந்தது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தால், மெத்தை இருக்கிறது, சம்சாரத்தைக் காணோம். நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

அந்த மெத்தையில் அவர் நாலு ராத்திரி தனியாகப் படுத்தார். சனிக்கிழமை காலையில் மச்சான் போன் செய்தார். மச்சான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எதையும் அளந்துதான் சொல்வார்.

"மாப்பிள்ளை, நாளைக்குப் பன்னெண்டரை பஸ்ஸுக்கு மக வீட்டுக்குக் கிளம்புறா. டிக்கெட் எடுத்தாச்சு."

"திரும்பி எப்ப வர்றா?"

"போறதுக்கு மட்டும்தான் எடுத்திருக்கா."

"போக வர சேர்த்து எடுத்தா குறைச்சுக் குடுப்பானே மச்சான்" என்றார் இவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் போன் வைத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றார். மெக்கானிக்குக் கறார் என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டதாகக் கேள்வி.

"முன்னாடி ரெண்டு இருக்குல்ல, அதுல ஒண்ணை மட்டும் மாத்து. இன்னொண்ணை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அண்ணே, ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழைய செருப்புன்னு நடந்து வந்தீங்களா?"

"சரி, முன்னாடி ரெண்டையும் மாத்து. பின்னாடி?"

கறார் குனிந்தான். அளவுக்கருவியைப் பின் டிஸ்கில் கவ்வவிட்டு, அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். இந்தக் கனத்துக்குக் கீழே போனால் கழற்றி எறி என்று டிஸ்கிலேயே ஓர் எண் பொறித்திருந்தது. கருவி காட்டியது அதற்கும் வெகு கீழே. இரும்பில் பொறித்த எண்ணோடு பேரம் பேச அவருக்கும் வழி தெரியவில்லை. மூன்றையும் மாற்றச் சொன்னார்.

பழைய டிஸ்கைப் பிடித்திருந்த போல்ட்டுகள் இருபத்திரண்டு வருஷமாக அசையாதவை. கறார் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொன்றையும் காய்ச்சி, நீளக்கைப்பிடி போட்டு ஏறி அழுத்தினான். டக் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. டிஸ்க் உட்காரும் இடத்தில் இருந்த துருவைச் சுரண்டினான். புது டிஸ்குகளைப் பிரித்தபோது அவை பளபளவென்று இருந்தன. சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் அவர் வியாபாரியே இல்லை. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார்.

"கையை எடுங்கண்ணே!" கறார் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்க விரல் பிசுக்கு ஒட்டினா பிரேக் எங்கேருந்து பிடிக்கும்?"

மருந்து தெளித்துத் துடைத்தான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற புதுப் பிரேக் பேடும் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இல்லை என்று பார்த்து முடிக்க மணி பதினொன்று.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. புது டிஸ்க்கும் புதுப் பேடும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். ஐம்பதுல போங்க, பதினஞ்சுக்கு இறக்குங்க. முழுசா நிறுத்தக் கூடாது. திரும்ப ஐம்பது, திரும்பப் பதினஞ்சு. முப்பது தடவை. நடுவுல சூட்டோட பிரேக்கைப் பிடிச்சு நின்னீங்கன்னா பேட் டிஸ்க்ல அப்பிக்கும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டில் உதறும். என்கிட்ட வந்து அழக் கூடாது."

"முப்பதா? இருபது வெச்சுக்கலாமே."

"முப்பது."

"இருபத்தஞ்சு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

கறார் உள்ளே போய்விட்டான்.

இந்தக் காரியத்துக்கு நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத தெரு வேண்டும். ஊரில் அப்படி மூன்று தெரு உண்டு. அவர் தேர்ந்தெடுத்தது மூடிக்கிடக்கும் சிமெண்ட் கிடங்கில் போய் முட்டுகிற தெரு. மற்ற இரண்டில் பள்ளம் அதிகம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மச்சான் வீடு அந்தத் தெருவின் சரி நடுவில் இருந்தது அவர் குற்றமா என்ன?

அவர் போட்ட கணக்கு எளிது. வண்டி தற்செயலாக அந்தப் பக்கம் வரும். மச்சான் பார்ப்பார், உள்ளே கூப்பிடுவார். சம்சாரம் புது டிஸ்கைப் பார்ப்பாள். வா என்று இவர் வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம், அவளாகவே பையைத் தூக்கிக்கொள்வாள். முதலில் விலை சொல்கிறவன் ஏமாளி என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

முதல் தடவை பதினைந்துக்கு இறங்கியபோது மச்சான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வண்டி வேகம் குறைவதைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார். வண்டி போய்விட்டது. மச்சான் பாதி எழுந்த வாக்கில் நின்றார்.

இரண்டாவது தடவை கேட்டைத் திறந்தே வைத்தார். "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க!"

"நிறுத்தக் கூடாது மச்சான்!"

மூன்றாவது தடவை: "ஏன்?"

"டிஸ்க் புதுசு!"

மச்சானுக்கு இது புரியவில்லை. புதுசாக இருந்தால் நன்றாகத்தானே நிற்க வேண்டும்? நாலாவது தடவை அவர் வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போடுவது கேட்டது. "இங்க வா தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வண்டி நிக்கவே மாட்டேங்குது!"

ஐந்தாவது தடவை அவள் வந்துவிட்டாள். கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மூணையும் மாத்திட்டேன்!" என்று கத்திக்கொண்டே கடந்தார்.

ஆறாவது தடவை அவள் கேட்டாள். "பேரம் பேசினீங்களா?"

"இல்லவே இல்ல!"

கிடங்கு வாசலில் வண்டியை வளைத்துத் திருப்பும்போது மனசு கேட்கவில்லை. ஏழாவது தடவை, "கொஞ்சமா!" என்றார்.

அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பார்ப்பதற்குள் பத்து வீடு தாண்டிவிட்டார். எட்டாவதில், "இப்படி எத்தனை தடவை?" என்று மச்சான் கேட்டார். "முப்பது!" என்றதும் மச்சான் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பேப்பர் ஓரத்தில் எட்டுக் கோடு கிழித்தார்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது தடவையில் அவரே கெடுத்தார். வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"மெத்தை நல்லாத்தான் இருக்கு!"

பத்தாவது தடவை கேட்டில் மச்சான் மட்டும் நின்றார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அவள் வரவில்லை. பிரேக் அருமையாகப் பிடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வண்டி இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதே இல்லை. காட்டுவதற்குத்தான் ஆளில்லை. கைக்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

பதினாலாவது தடவை மச்சான் தெருவிலேயே இறங்கி நின்றார். "அவ என்ன சொல்றான்னா—"

மீதி காற்றில் போயிற்று. பதினைந்தாவது தடவை: "—தப்பு உங்கமேலதான்னு உங்க வாயால சொல்லணுமாம்!"

இதுதான் விலை. வந்துவிட்டது. அவருக்குப் பழகிய இடம் இது. திரும்பும்போதே கணக்குப் போட்டு, கடைத்தெருவில் எப்படித் தொடங்குவாரோ அப்படியே தொடங்கினார்.

"கால்வாசி என்மேல!"

பதினேழாவது தடவை ஜன்னலிலிருந்து அவளே பேசினாள். "கால்வாசியா? கேட்டீங்களா அண்ணா இந்த அநியாயத்தை!"

"சரி, பாதி!"

பதினெட்டு. "பாதிக்குக் கட்டாதாம் மாப்பிள்ளை!" மச்சானுக்கு இதில் ருசி வந்துவிட்டது, தரகர் தோரணையில் கையை வேறு ஆட்டினார்.

"முக்கால்! அதுக்கு மேல என்னால முடியாது!"

பத்தொன்பதாவது தடவை அவள் வாசலுக்கே வந்தாள். வெளியூர் போகிற புடவை கட்டியிருந்தாள். "மிச்சக் கால் யார்மேல?"

"மெத்தைக்காரன்மேல! நடைபாதையில சரக்கை வெச்சா?"

இருபதாவது தடவை, அவள் கேட்டிடம் நின்று, நிதானமாக, அவர் கேட்கும்படி சொன்னாள். "அப்ப அவனையே கூட்டிட்டு வந்து குடித்தனம் பண்ணுங்க."

கிடங்கு வாசலில் வண்டி வளைந்தது. அவர் மனசுக்குள் பேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முக்காலோடு இன்னும் அரைக்கால் சேர்த்தால்? தலையை நிமிர்த்திப் பார்த்தார். தெருவின் நடுவில், தோளில் பையோடு, அவள் பஸ் நிலையத்துப் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய நடை அவருக்குத் தெரியும். காய்கறிக் கடையில் கட்டுப்படி ஆகாத விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், கூப்பிடட்டும் என்று மெல்ல நடப்பார்கள். இது அந்த நடை இல்லை.

ஐம்பது போனார். பதினைந்துக்கு இறக்கினார். பத்து, ஐந்து. சூடேறிக் கிடந்த டிஸ்கை அழுத்திப் பிடித்து, அவள் பக்கத்தில் முழுசாக நிறுத்தினார். வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது.

"முழுசும் என்மேல" என்றார். "வண்டிமேல இல்ல. மெத்தைக்காரன்மேலயும் இல்ல. நீ விழுந்து கிடந்த. உனக்கு என்ன ஆச்சுன்னு பார்க்காம நான் மெத்தைக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேன்."

அவள் காத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் பேச்சு 'ஆனா' என்ற சொல் இல்லாமல் முடிந்ததே இல்லை. மச்சான்கூடப் பென்சிலும் கையுமாக ஓடிவந்து, அந்த 'ஆனா'வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அது வரவில்லை. அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

"இன்னும் எத்தனை தடவை பாக்கி?" என்றாள்.

"ஒன்பது."

"சூட்டோட பிடிச்சு நிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பியிருப்பான் அவன்?"

"சொன்னான்."

"பின்ன ஏன் நின்னீங்க?"

அவர் அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

அவள் பையைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். "இதைப் பிடிங்கண்ணா. பிரேக் பிடிக்குதான்னு உட்கார்ந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்."

"பஸ்ஸு?" என்றார் மச்சான்.

"இருக்கட்டும்."

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. ஐம்பது, பதினைந்து. கைப்பிடி லேசாக உதறியது. பேட் அப்பிக்கொண்டுவிட்டது.

"என்ன உதறுது?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள். சக்கரத்தைச் சொன்னாளா, அவர் கையைச் சொன்னாளா, தெரியவில்லை.

மச்சான் ஒவ்வொரு தடவையும் பையை நீட்டினார். "என்ன தங்கச்சி, முடிவு பண்ணியா?"

"இன்னும் பார்க்கலைண்ணா!"

இருபத்தாறு, இருபத்தேழு. பெரிய சாலையில் பன்னிரண்டரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பின்னால் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. ஐம்பதைத் தொடும்போது அழுந்தியது, பதினைந்துக்கு இறங்கியபோதும் எடுக்கப்படவில்லை.

முப்பதாவது தடவை அவள் கையை நீட்டினாள். "பையைக் குடுங்கண்ணா!"

"நில்லுங்க மாப்பிள்ளை, குடுக்கிறேன்!"

"நிறுத்தக் கூடாதுண்ணா! ஓடி வாங்க!"

நில அளவைக்காரர் ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் பையுமாக வண்டிக்குப் பக்கத்தில் ஓடினார். ஒரு செருப்பு கழன்று பின்னால் போயிற்று. ஏழாவது அடியில் அவள் வாரைப் பிடித்து இழுத்துப் பையை மடியில் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்குக் கிளம்பிட்டேன்னு அண்ணிகிட்டச் சொல்லிடுங்க!" என்றாள். கயிற்றுக்கடைக்காரர் கியரை மாற்றினார்.