கம்பத்துக்கு ஒரு குடம்

ஒரு கயிற்றுக்கட்டில் போடுகிற இடம்தான் என் கீரைப்பாத்தி. அதைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டில் இன்னொரு பிள்ளையே பெற்று வளர்த்திருக்கலாம். சிரிக்க வேண்டாம். என் மகள் அத்தாயியின் இரண்டு கண்ணும் அந்தப் பாத்தியில்தான் இருந்தன.

தை மாதத்தில் அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. நாலு வயசுப் பிள்ளை. தலைக்கு ஊற்றின பிறகும் தேறவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். சோற்றுக் குண்டானில் காலை விட்டாள். வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டினதுபோல ஒரு திட்டு வந்தது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கம்பவுண்டர் இமையைப் பிரித்துப் பார்த்தார்.

“மீனெண்ணெய் குடுக்கோணும். சீமையில சண்டை வந்ததுல இருந்து அது வாரதில்லைங்க அம்மிணி” என்றார். “தெனமும் கீரை குடுங்க. ஒரு நாளும் உட்றாதீங்க. உட்டா கருமுழி வெந்து போயிரும். அப்பறம் ஆரு பாத்தும் பிரயோசனமில்லீங்க.”

கீரை குடுங்க. சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். இரண்டு வருஷமாக மழையைக் காணாத ஊரில் கீரைக்கு எங்கே போவது? எங்கள் நெசவுக்காரத் தெருவில் முருங்கை மரங்களை ஆட்டுக்கும் மாட்டுக்கும் முறித்துப் போட்டு, மொட்டைக் கட்டை நின்றுகொண்டிருந்தது. காட்டில் குப்பைக்கீரைகூட முளைக்கவில்லை. ஊரில் இருந்த கிணறுகளில் கோயில் கிணறு ஒன்றில்தான் ஊற்று இருந்தது. அதற்கும் ஊர்ப் பெரியதனம் குமாரசாமி காவல் போட்டுவிட்டார். வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம். குடிக்கவும் ஆக்கவும் மட்டும். செடிகொடிக்கு ஒரு சொட்டு ஊற்றக்கூடாது, மீறினால் அந்த வீட்டுக்குக் குடம் கிடையாது.

குமாரசாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு கேள்வி நன்றாகக் கேட்டுவிட்டு மனசு ஆறியிருப்பேன். அவர் வீட்டுக்கும் இரண்டே குடம்தான். தன் வாழைத்தோப்பு கருகினதைக் கைகட்டிக்கொண்டு பார்த்த மனிதர். அப்படிப்பட்டவரோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

நான் ஊர்த் தண்ணீரை ஊற்றவில்லை. அதாவது, நேராக ஊற்றவில்லை. வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற பொடக்காளி ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் தண்டுக்கீரையும் போட்டேன். நாளெல்லாம் வீட்டில் என்னென்ன ஈரம் மிஞ்சுமோ அத்தனையும் அங்கே போனது. அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதே தண்ணீரில் பிள்ளையின் கைகால் கழுவி, கடைசியில் கலங்கலாக ஒரு சொம்பு நிற்கும். ஓட்டைக் கலயம் ஒன்றை வேருக்குப் பக்கத்தில் புதைத்து, ஓட்டையில் பழந்துணியைத் திரித்துச் செருகி, அந்தக் கலங்கலை அதில் விட்டுவிடுவேன். மேலே ஊற்றினால் வெயில் குடித்துவிடும். இது துணி வழியாகக் கசிந்து வேருக்கு மட்டும் போகும். பகலில் பாத்திமேல் ஓலைத்தடுக்கு. அந்தி சாய்ந்ததும் எடுத்துவிடுவேன். நானும் வீட்டுக்காரரும் வாய் கொப்பளித்த தண்ணீரைக்கூடத் துப்பாமல் ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்தோம். வீட்டுக்காரர் சண்முகவேல் முதலில் முகத்தைச் சுளித்தார். நூல் வராமல் தறி சும்மா கிடந்தது. அவருக்குச் சுளிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பிறகு அவரும் பழகிவிட்டார்.

கீரை வந்தது. தொட்டால் ஒடிகிற மாதிரி மெலிந்த தண்டு, கட்டைவிரல் அகலம் இலை. ஆனால் பச்சை. தினமும் ஒரு பிடி கிள்ளி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மசித்து ஊட்டினேன். “தின்னு சாமி, தின்னாத்தான் ராத்திரிக்கு அம்மா மூஞ்சி தெரியும்” என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். அவளுக்குக் கீரை என்றால் எட்டிக்காய். ஆனாலும் தின்றாள். மாசி கடைசியில் ஒரு நாள் அந்திக் கருக்கலில், அடுப்படியில் இருந்த என்னை நோக்கி நேராக ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எதிலும் இடிக்கவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை என் கல்யாணத்தில்கூட அழவில்லை.

பிறந்த ஊர் பரமத்தி வேலூருக்குப் போய்விடலாமா என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. காவேரிக்கரை. அண்ணன் சின்னுசாமியின் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தி நட்டிருப்பார்கள். அகத்திக்கீரையைக் கூடைகூடையாக மாட்டுக்குப் போடுவார்கள். அண்ணன் ஒரு தடவை வெற்றிலை வண்டியில் ஒரு கட்டு அனுப்பினார். வந்து சேர்ந்தபோது அழுகல் நாற்றம். நாமே போனால்தான் உண்டு. பாத்தி தழைத்துக்கொண்டிருக்கிறதே, கண்ணும் தெளிகிறதே, வீட்டையும் மனுஷனையும் விட்டுவிட்டு எதற்குப் போவது என்று இருந்துவிட்டேன். பங்குனியில் ஊர் கூடி மாரியம்மனுக்குக் கம்பம் நட்டது.

எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. மூன்று கிளை பிரிந்த வேப்பங்கொம்பை வெட்டிவந்து, தோல் சீவி, மஞ்சள் பூசி, கோயிலுக்கு எதிரே நடுவார்கள். அதுதான் அம்மன் புருஷன். அதைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுகிறவரைக்கும் வீட்டுக்கு வீடு பொம்பளைகள் விடியற்காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்தைத் தூக்கிப்போய் அதன்மேல் ஊற்ற வேண்டும். ஒரு வீட்டிலும் தாளிக்கக்கூடாது. ஊரைவிட்டுப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் ராத்தங்கினால் அம்மன் ஊரைவிட்டுப் போய்விடுவாள்.

மழைக்காகத்தான் நட்டோம். யாருக்கு மழை வேண்டாம்? நானும்தான் கும்பிட்டேன். ஆனால் வீட்டுக்கு இரண்டு குடம் என்று இருந்ததில் ஒரு குடம் கம்பத்துக்கு என்று குமாரசாமி சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தலைக்குக் குளிக்காம தெளிச்சுக்கிட்டு வந்தாலும் அம்மன் பொறுத்துக்குவாங்க” என்று ஒரு சலுகை வேறு. குளியலுக்குச் சலுகை கொடுக்கிற அம்மன் குடத்தில் பாதிக்குக் கொடுக்க மாட்டாளா? எனக்கு நானே அந்தச் சலுகையைக் கொடுத்துக்கொண்டேன்.

கிணற்றிலிருந்து வருகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து பாதிக் குடத்தைச் சாய்த்துவிட்டு, குடத்தின் வாய் நிறைய வேப்பிலையைத் திணித்துக்கொண்டு போவேன். மூன்று பேர் குடிக்க ஒரு குடம், பாத்திக்கு அந்தப் பாதி. வெயிலோ கொல்லுகிறது. கீரையின் ஓரம் பொரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பாதிக் குடத்தால் நடுவில் ஒரு முறம் அளவுக்குப் பச்சை நின்றது. எனக்கு அது போதும்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் பக்கத்து வீட்டு மாரக்காள். குடம் காலியாகிற சத்தம் பொம்பளைகளுக்குத் தெரியாதா? மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் என் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பொழுது கிளம்பினதும் குமாரசாமியும் இன்னும் நாலு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். மாரக்காளும் கூட இருந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பொடக்காளிப் பக்கம் ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றோம்” என்றார் குமாரசாமி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஓலைத்தடுக்கை அவரே எடுத்தார். ஊரெல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தபோது அங்கே மட்டும் அந்த முறம் அளவுப் பச்சை. மாரக்காள்தான் அழுதாள்.

“என்ற அவரைப் பந்தலு பூவோட காஞ்சு போச்சுங்க நல்லம்மா. நான் ஒரு சொட்டு ஊத்துனனா? கட்டுப்பாடுன்னாங்க, கண்ண மூடிக்கிட்டு உட்டுட்டேன்.”

அவளை நான் என்ன சொல்ல? அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

பிள்ளையின் கண்ணைச் சொன்னேன். கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தாயியை இழுத்துவந்து, இமையைப் பிரித்துக் காட்டினேன். குமாரசாமி குனிந்து பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. கலங்கின கண்ணோடு சொன்னார்:

“கண்ணு குடுக்கறவ அம்மன்தான், அம்மிணி. அவ பங்க எடுத்துக் கீரைக்கு ஊத்துனா அவ எப்படிங்க கண்ணத் தெறப்பா? இதையே அவ காலடியில கொண்டுபோயிப் போட்ரலாம். கொழந்தைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.”

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். “ஏனுங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

யாரும் கோபமாகப் பிடுங்கவில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் துணி விரித்து, ஒவ்வொரு தண்டாக வேரோடு எடுத்து அடுக்கினார்கள். வேரில் ஈரம் இருந்தது. கலயத்தையும் தோண்டி எடுத்தார்கள். கம்பத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மத்தியானத்துக்குள் அது வெயிலில் சுருண்டு கருகிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். சுருண்டதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, அம்மனுக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது என்றார்கள்.

அன்றைக்கே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினேன். நடந்தாவது போய்விடுவேன், அகத்திக்கீரை இருக்கிறது என்று ஒரே நினைப்பு. ஊர் எல்லைக் கல்லுக்கிட்டப் போகும்போது வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“ராத்தங்கல் கூடாது புள்ள. கம்பம் நட்டாச்சு.”

“உங்க மகளுக்குக் கண்ணு போயிருமுங்க.”

“நாளைக்கு மழை வரலைன்னா ஊரே நம்ம ஊட்டத்தான் கைகாட்டும். கெணத்துல நமக்குக் கொடம் இல்லைன்னு சொல்லீட்டா மூணு பேரும் நாக்கு வறண்டு சாகோணும். கம்பம் புடுங்குன மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன். என்ற மேல ஆணை.”

பிள்ளையை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அவரும் அழுதுகொண்டேதான் நடந்தார். இந்த ஊரில் அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேரும் அழுகிறவர்கள். அழாத ஒரு கிராதகன் இருந்திருந்தால் பிள்ளைக்குக் கண் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அதற்கப்புறம் தினமும் முழுக்குடம் ஊற்றினேன். தளும்பத் தளும்ப. கம்பத்தடியில் சேறாகி ஓடின மஞ்சள் தண்ணீரை எடுத்து எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், அத்தாயிக்கும் தடவிவிட்டார்கள். அவள் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மாட்டாமல் என் மாராப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒரு நாள் சிரமமில்லாமல் கண்ணைத் திறந்தாள். நான் சந்தோஷப்பட்டு முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கருவிழி இருந்த இடம் வெந்த முட்டையைப்போல இருந்தது. விரலை முன்னால் ஆட்டினேன். கைநிறைய நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டினேன். அவள் குச்சி உரசுகிற சத்தத்துக்குத்தான் தலையைத் திருப்பினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் அழுவார். எனக்கு அழுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

மறுநாள் காலை தெருவே கோயிலுக்கு ஓடியது. கம்பம் துளிர்த்துவிட்டது. தோல் சீவின கொம்புதான், ஆனால் கவட்டையில் ஒரு கணு தப்பியிருந்தது போல. ஊர் குடிக்காமல் ஊற்றின தண்ணீரில் அங்கே செம்புநிறத்தில் இரண்டு இணுக்கு விட்டிருந்தது. மேளம் அடிக்கிறார்கள், குலவை போடுகிறார்கள். மாரக்காள் வந்து என் காலில் விழப்போனாள். குமாரசாமி என்னைத் தேடி வந்தார்.

“உங்க கீரைதானுங்க அம்மிணி அம்மன் மனசக் குளுர வெச்சுது. மொதல்ல உங்க கொழந்தைதான் பாக்கோணும்” என்று அத்தாயியை என்னிடமிருந்து வாங்கி, கூட்டத்தை விலக்கிக் கம்பத்தின் கவட்டைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். “பாரு சாமி. எப்பிடித் தழைச்சிருக்குது பாரு.”

பிள்ளை பார்க்கவில்லை. கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். விரல் கொம்பில் பட்டது, மேலே ஏறியது, தளிரைத் தொட்டது. தொட்டதும் நின்றது. பிறகு இரண்டு இணுக்கையும் ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மேளம் நின்றுவிட்டது. குமாரசாமி அப்போதுதான் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார், திருப்பினவர் அப்படியே நின்றார்.

“கசக்குதும்மா” என்றாள் அத்தாயி, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல். “தின்னா உன்ற மூஞ்சி தெரியுமா?”

யாரோ ஒரு கிழவர் துப்பச்சொல்லு, துப்பச்சொல்லு என்றார். நான் போய் என் பிள்ளையைக் குமாரசாமியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“துப்பாத கண்ணு” என்றேன். “நல்லா மென்னு முழுங்கு.”