அக்கா வீட்டுப் பிரிட்ஜ்

கண்டக்குழியில் டொறத்தியின் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அவள் புருஷன் றொகானுக்குப் போடும் இன்சுலின் போத்தல் பக்கத்து வளவில் அக்கா மெரினாவின் பிரிட்ஜில்தான் இருந்தது. காலையும் மாலையும் டொறத்தி ஊசியோடு அங்கே போவாள். அக்காவிடம் இருந்தால் தன்னிடம் இருந்த மாதிரித்தான் என்று நம்பினாள், பாவி.

ஒரு நேர ஊசிகூடத் தவறவில்லை. ஆனாலும் றொகானுக்கு ரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனது. காலில் மீன்முள் குத்திய புண் ஆறாமல் கறுத்தது.

“உன்ட மனுசன் கடற்கரை மீன் வாடியில களவாச் சீனித் தேத்தண்ணி குடிக்கிறான். என்ட கண்ணால கண்டனான்,” என்றாள் மெரினா.

அது போதாதா? டொறத்தி சீனி டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சீனி தொடவில்லை என்று தலவிலக் கோயில் புனித அன்னம்மாள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். அவன் பண்ணினான். “அன்னம்மாளையுமா ஏமாத்துறீங்க?” என்று ஊர் கேட்கக் கத்தினாள். அதற்குப் பிறகு அவன் அவளோடு அதிகம் கதைக்கவில்லை.

காய்ச்சல் கண்டு அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி, டொறத்தி கொண்டுவந்திருந்த இன்சுலின் போத்தலைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது.

“இது எங்கயோ உறைஞ்சிருக்கு. இன்சுலின் ஒரு புரதம், அம்மா. உறைஞ்சா குலைஞ்சு போகும். பிறகு எவ்வளவு குத்தினாலும் ரத்தத்தில கிடக்கிற சீனிய உடம்பு எடுக்காது.”

டொறத்தி பஸ் பிடித்து நேரே அக்காவிடம் வந்து நின்றாள்.

“எங்கட விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர்ட பியருக்கு இடமில்லாம மருந்துப் போத்தல மேல ஐஸ் பெட்டியில வச்சன்,” என்றாள் மெரினா. “மீனே பழுதாகாமக் கிடக்கிற ஐஸ். மருந்து பழுதாகுமெண்டு ஆர் கண்டது? கட்டியாப் போச்சு. உருக வச்சுத் தந்தன்.”

“அவர் தேத்தண்ணி குடிச்சதக் கண்டனான் எண்டியே?”

மெரினா பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடினாள்.

“கண்டியா, இல்லையா?”

“சீனி ஏறினதும் பயந்திட்டன். என்னைக் குறை சொல்லுவியெண்டுதான்...”

டொறத்தி விடுவிடென்று திரும்பி நடந்தாள். தெரிந்துகொண்டே தன்னையும் அவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள், கூடப்பிறந்தவள்!

அவள் வார்டுக்குத் திரும்பியபோது றொகானின் காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டிலோரம் இருந்து அக்காவை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவ பொய் சொன்னா, சரி,” என்றான் கடைசியில். “நான் சத்தியம் பண்ணினனே, டொறத்தி.”