இருபத்தேழாம் நம்பர் கண்ணாடி

குப்பாயி அத்தை நிட்டிங் மெஷின் ஊசி ஒன்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி எடுத்தாள். அந்தத் தண்ணீரில் அரைச் சங்கு தம்பி குமாரசாமியின் வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்தில் வழிந்தது. அவர் மூச்சு அதே கரகரப்போடு போய் வந்துகொண்டிருந்தது.

"தொழில் ஆசையும் இல்ல போலிருக்குது, சென்னம்மா" என்றாள் தம்பி பெண்டாட்டியிடம்.

மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாள் ஆகிறது. உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை தடுக்கிறது என்று அர்த்தம். ஆசைப்பட்டதைக் கரைத்து ஊற்றினால் போய்விடும் என்பது அத்தையின் கணக்கு. காலையில் காசைப் பாலில் உரசிக் கொடுத்தாள். அப்புறம் அருள்புரத்தில் அவர் நடத்தும் பனியன் ஷெட்டின் மண்ணைக் கரைத்தாள். இப்போது ஊசியும் ஆயிற்று.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகள் கிருத்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை. சென்னை ரயில் ஐந்தரைக்கு.

அவள் தோள்பையில் காற்றுப் புகாமல் மூடிய டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் விரல் நீளக் கண்ணாடித் துண்டு. அதன் மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிதான மெக்னீசியப் பூச்சு. கோயமுத்தூர் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூச்சுக்குள் ஹைட்ரஜனை நிற்க வைக்க மூன்று வருஷமாகப் போராடினாள். இருபத்தாறு கண்ணாடிகள் உரிந்தன, வெடித்தன, அல்லது வாயுவை உள்ளேயே விடவில்லை. இருபத்தேழாவதில் நின்றது. எவ்வளவு நின்றது என்று அளக்கும் கருவி சென்னையில் இருக்கிறது. நாளை காலை பத்து மணி அவள் முறை. விட்டால் அடுத்த முறைக்கு ஏழு மாதம், அதுவரை கண்ணாடி தாங்காது. ஈரக்காற்று பட்டாலே பூச்சு கெட ஆரம்பித்துவிடும்.

அப்பா நாளை மறுநாள் வரை இருந்தால் போய்விட்டு வந்துவிடலாம். வீடே அவர் நல்லபடியாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் இருக்கட்டும் என்று வேண்டினாள். அது அப்பாவுக்காக இல்லை என்பது அவளுக்கே தெரியும். தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையானா போன்ல என்ன கேப்பாரு, கண்ணு?" என்றாள் அம்மா திடீரென்று.

கிருத்திகா தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"கண்ணாடிக்குள்ள காத்து நின்னுச்சான்னு கேப்பாரு. நீ இன்னும் இல்லீங்கப்பான்னு சொல்லுவ. போனை வெச்சுட்டு என்ற மூஞ்சியப் பாப்பாரு."

வாசலில் நின்ற காசிமாயன், பதினைந்து வருஷமாக ஷெட்டில் மெஷின் ஓட்டும் தேனிக்காரன், தலையை ஆட்டினான். "காதர்பேட்டை பனியன் கடை பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, பாப்பா. எம்மக காத்தக் கண்ணாடியில பூட்டுறா, நாளைக்கு அதுல வண்டி ஓடப்போவுதுன்னு. அவங்க சிரிப்பாங்க. இவரும் கூடச் சேந்து சிரிப்பாரு."

கண்ணாடிக்குள் காற்று நின்று மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகும் அப்பா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றே சொன்னாள். அளந்து ஒரு எண் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

"அதையும்தான் அலசி ஊத்திப் பாத்தர்லாம். எடு கண்ணு" என்றாள் அத்தை.

"தண்ணி பட்டாப் போயிருங்க, அத்தை."

"உங்கொப்பனே போறான்" என்ற அத்தை, சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க."

கிருத்திகா தோள்பையோடு உள்ளறைக்குப் போனாள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்த பதினான்காம் நம்பர், உரிந்துபோன கண்ணாடி, பைக்குள் இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை பயபக்தியோடு அலசினாள், ஊற்றினாள். மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுவும் இல்லியா" என்று அத்தை ஓய்ந்துபோய் உட்கார்ந்தாள். அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குக் காசிமாயன் எட்டிப் பார்த்தான். "ஆட்டோ வந்துருச்சு, பாப்பா."

பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் காதருகே குனிந்தாள். போயிட்டு வந்தர்றனுங்கப்பா என்று சொல்லத்தான் குனிந்தாள். பாதி திறந்திருந்த கண்ணில் பீளை கட்டியிருந்தது. முந்தானை நுனியால் துடைத்தாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

டப்பாவின் மூடியைத் திறந்து வெறுங்கையால் எடுத்தாள். கையுறை இல்லாமல் அந்தக் கண்ணாடியை அவள் தொட்டதே இல்லை. தேன் நிறத்தில் இருந்தது. தண்ணீர் மாற்றிய கிண்ணத்துக்குள் தானே இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் கிளம்பின.

"காத்து வருது பாரு" என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி.

"நின்னுச்சுங்கப்பா" என்றாள் கிருத்திகா அவர் காதில். "மூணு வாரமாச்சுங்க. நாந்தான் சொல்லல."

இதில் கரையும் மெக்னீசியம் வயிற்றுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது என்று அப்போதும் மனம் கணக்குப் போட்டது. புத்தி எங்கே போகும். ஒரு சங்கு மொண்டு வாயில் விட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு போய் வந்துகொண்டுதான் இருந்தது. காசிமாயன் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினான். அத்தை துளசி பறிக்கக் கொல்லைப் பக்கம் போனாள். அம்மா ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள். கிருத்திகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து இருபதுக்குப் போன மூச்சு திரும்பி வரவில்லை.

அத்தை வந்து பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். காசிமாயன் வெளியே ஓடினான். குளிப்பாட்ட இடம் வேண்டுமென்று கட்டிலைச் சுற்றி இருந்ததையெல்லாம் அப்புறப்படுத்திக்கொண்டிருந்த அம்மா, கிண்ணத்தை எடுத்தவள் நின்றாள்.

"இதுல இன்னும் வந்துட்டே இருக்குது, கண்ணு."

கிருத்திகா பார்த்தாள். தேன் நிறம் போய்க் கண்ணாடி தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு மிச்சமிருந்தது. அதிலிருந்து ஒரு குமிழி விடுபட்டு மேலே வந்தது.

"கொட்டீராதீங்கம்மா" என்றாள்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, தண்ணீர் அலம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்தாள்.